ஏழு டன் வீடும் ஓர் அங்குல வெளிச்சமும்

பதினோரு வருடம் நான் எங்கள் வண்டி வீடான டிரெய்லருக்குப் பின்னால் நின்று கையாட்டினேன். பதினோரு வருடமும் என் புருஷன் ஓரின் நான் காட்டியதற்கு நேர்மாறாகத்தான் வண்டியைப் பின்னுக்கு விட்டான். முகாம் மைதானங்களில் இதுதான் வண்டி வீட்டில் ஊர் சுற்றும் எங்கள் ஆட்களுக்குப் பொழுதுபோக்கு. சாயங்காலம் புதிதாக யாராவது வண்டி வீட்டோடு வந்தால், மற்றவர்கள் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையில் பீரோடு, அந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையை வேடிக்கை பார்ப்பார்கள். எங்கள் சண்டைக்கு எப்போதும் கூட்டம் அதிகம்.

கை ஜாடையில் ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தால், எதையும் கேட்காதே, அப்படியே நில் என்று அர்த்தம். வேறு எதை மீறினாலும் அதை யாரும் மீறமாட்டார்கள். ஓரின் மீறுவான். மொன்டானாவில் ஒரு மரக்கட்டையில் இடித்தான், கான்சஸில் ஒரு தண்ணீர்க் குழாயை வேரோடு சாய்த்தான். இரண்டு தடவையும் நான் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டு சிலுவை மாதிரி நின்றிருந்தேன். கேட்டால், முப்பத்தோரு வருடம் கவுண்டி நிர்வாகத்துக்குப் பனி வாரும் வண்டி ஓட்டியவனுக்குப் பள்ளிக்கூடச் சமையல்காரி வழி சொல்வதா என்பான். நார்த் டகோடா குளிரில் முப்பத்தோரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கர்வமெல்லாம் போன அக்டோபரில் ஒரே நாளில் வடிந்துபோனது.

வயோமிங்கில் எல்க் மவுண்டன் பக்கம் வந்துகொண்டிருந்தோம். காற்று பேய்க்காற்று. ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. அது தள்ளிய காற்றும் மலைக்காற்றும் சேர்ந்து டிரெய்லரின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளின. டிரெய்லர் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது பக்கம் இன்னும் அதிகமாகப் போனது. இந்த ஆட்டத்துக்கு ஒரே மருந்துதான். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அமுக்க வேண்டும். அதற்கென்றே ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன விசை இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே ஓரின்தான். ஆனால் அந்த நிமிஷம் அவன் கால் போய் ட்ரக்கின் பிரேக்கை மிதித்தது. எல்லாம் நின்றபோது நாங்கள் சாலைக்கு நடுவிலிருந்த சரளையில், வந்த வழியைப் பார்த்தபடி நின்றிருந்தோம். டிரெய்லர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

ஓரின் ஸ்டீயரிங்கை விடவில்லை. விடச் சொன்னேன், அவன் காதில் விழவில்லை. நான்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பத்து விரலும் ஐஸ் கட்டிபோல இருந்தன. அன்றைக்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை.

குளிர்காலம் முழுவதும் ஃபார்கோவில் எங்கள் மகள் சோல்வெய்க் வீட்டில் கழிந்தது. தரைக்குக் கீழே இருந்த அறையை எங்களுக்கென்றே வர்ணம் அடித்து வைத்திருந்தாள். நல்ல பெண். ஆனால் அந்த அறையின் ஜன்னலில் புல்லின் வேர்தான் தெரியும். ஓரின் காலையில் எழுந்து, காப்பி குடித்து, அந்த வேரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பனி வாரும் வண்டி தெருவில் போகும் சத்தம் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவான். இவன் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் எழுந்திருக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இவனைத் திரும்பச் சாலையில் ஏற்றாவிட்டால் நான் இவனை இழந்துவிடுவேன். அவ்வளவுதான் விஷயம்.

அதனால் மார்ச்சில் நான் ஒரு முடிவெடுத்தேன். டிரெய்லரைக் கொடுத்துவிட்டு, அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமான, ஃபிஃப்த் வீல் என்கிற வேறு வகை வண்டி வீடு ஒன்றை வாங்குவது, நானே ஓட்டுவது. சோல்வெய்க் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றாள். பயந்தவர்கள் சின்னதாகத்தானே வாங்குவார்கள்? நான் அவளுக்கு இப்படித்தான் விளக்கினேன்: கையைப் பிடித்து இழுத்துவரும் பிள்ளை எந்தப் பக்கமும் துள்ளும், தோளில் ஏற்றிக்கொண்ட பிள்ளை நாம் போகும் பக்கம்தான் வரும். டிரெய்லர் ட்ரக்கின் வாலில் தொங்குகிறது. ஃபிஃப்த் வீல் ட்ரக்கின் முதுகில், பின் அச்சுக்கு நேர் மேலே வந்து உட்காருகிறது. கனம்தான். ஆனால் ஆட்டம் குறைவு.

ஓரின் மறுநாள் ஒரு நிபந்தனை போட்டான். காஸ்பரில் வண்டியை எடுத்துக்கொண்டு, பஃபலோ ஊரிலிருந்து பிக்ஹார்ன் மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் டென் ஸ்லீப் வரை ஒரே ஒரு பயணம்.

"வழியில எங்கயாவது நான் வண்டில ஏறமாட்டேன்னு நின்னுட்டேன்னு வையி, அத்தோட வித்துடணும். சோல்வெய்க் வீட்டுக்கே போயிடணும். அப்புறம் என்னை நச்சரிக்கக் கூடாது, மார்லிஸ்."

சரி என்று கையைக் கொடுத்தேன். அவன் கை வேர்த்திருந்தது.

காஸ்பரில் அந்த வண்டியை முதல்முதலாகப் பார்த்தபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. நாற்பது அடி நீளம், பதின்மூன்று அடி உயரம். ஏழு டன். உள்ளே போனால் தலைக்கு மேலே கூரை எங்கோ இருக்கிறது; மூன்று படி ஏறினால் படுக்கையறை. நான் முப்பது வருடம் சமைத்த பள்ளிக்கூட அடுப்படியைவிட அதன் அடுப்படி அழகாக இருந்தது. இத்தனையும் ட்ரக்கோடு எதனால் இணைகிறது என்று கேட்டேன். விற்பவர் குனிந்து காட்டினார். வீட்டின் மூக்குக்கு அடியில் கிங்பின் என்கிற இரும்பு முளை ஒன்று தொங்கியது. அதன் கழுத்து இரண்டு அங்குலத் தடிமன். ட்ரக்கின் முதுகில் ஓர் இரும்புத் தட்டு. அதன் நடுவே உள்ள இரண்டு தாடைகள் அந்தக் கழுத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். நான் கையை நீட்டி அந்த முளையைத் தொட்டுப் பார்த்தேன். என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. மாதா கோயிலில் தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்டது போலக் கையை இழுத்துக்கொண்டேன்.

காஸ்பரிலிருந்து பஃபலோ வரை சமவெளி. நான் ஓட்டினேன். ஓரின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூங்குகிறவன் கதவுக் கைப்பிடியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கமாட்டான். லாரிகள் எங்களைக் கடக்கும்போதெல்லாம் என் தோள் காதுவரை ஏறும். பின்னால் இருந்த வீடு கொஞ்சம் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலைதான் மலை. பஃபலோ முகாமில் ஏழு மணிக்கு வெயில் வந்துவிட்டது. வீடு இரவு முழுக்கத் தன் இரண்டு இரும்பு முன்கால்களில் தனியாக நின்றிருந்தது. நான் ட்ரக்கைப் பின்னுக்கு விட்டு மாட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. காலை வணக்கம் என்றுகூடச் சொல்லக்கூடாது. ஒரு வேலை முடிந்து அடுத்தது என்று வரிசை மாறாமல் செய்ய வேண்டிய காரியம். நடுவில் ஒரு வார்த்தை நுழைந்தால் ஒரு படி விழுந்துவிடும். ஓரின் அந்தக் கட்டுப்பாட்டைப் பைபிள் மாதிரி வைத்திருப்பவன். காப்பிக் கோப்பையோடு ஒதுங்கிப் போய் வேலியோரம் நின்றுகொண்டான்.

பக்கத்து இடத்து வெர்ஜில் டப்பருக்குத்தான் பொறுக்கவில்லை. நெப்ராஸ்காக்காரர், நல்ல மனுஷர், வாய் மட்டும் ஓயாது. நான் ட்ரக்கைப் பின்னுக்கு விட்டு, கடக்கென்று சத்தம் கேட்டு இறங்கிய நேரம் பார்த்து வந்துவிட்டார். புத்தம் புது வண்டியாயிற்றே, என்ன நீளம், என்ன கனம், பொம்பளை நீங்களா ஓட்டுகிறீர்கள் என்று அடுக்கினார். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் எனக்குப் பவுசு. அறுபத்து மூன்று வயதில் ஏழு டன்னை இழுக்கிறவள் என்று ஒருவர் வாயைப் பிளந்து பார்த்தால் யாருக்குத்தான் மனசு குளிராது? பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டே தாடையின் கைப்பிடி உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தேன், போயிருந்தது. சொல்லிக்கொண்டே மின்கம்பியைச் சொருகினேன். சொல்லிக்கொண்டே வீட்டின் முன்கால்களைத் தூக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு, ட்ரக்கின் பின்கதவைத் தூக்கிச் சாத்தினேன். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு ஜம்பமாக ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினேன்.

ஓரின் வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அவன் வேலியோரத்திலிருந்து ட்ரக்கின் பின்பக்கம் வரை நடந்து வந்து, அங்கேயே நின்றான். குனிந்தான். நிமிர்ந்தான். காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தான். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தான்.

என் உடம்பு முழுக்கக் கோபம் ஏறியது. ஏறமாட்டேன் என்கிறான். மலையைப் பார்த்தான், பயந்துவிட்டான், கையைத் தூக்கிவிட்டான். ஒரு குளிர்காலம் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து புல்லின் வேரைப் பார்த்தவள் நான். இந்த வண்டிக்காக மகளோடு சண்டை போட்டவள் நான். கொஞ்சம் நகர்த்தினால் போதும், வண்டி நகர்ந்துவிட்டால் ஓடிவந்து ஏறிவிடுவான் என்று என் மனசு சொன்னது. நிஜமாகவே சொன்னது, மறைக்கமாட்டேன். கால் பிரேக்கிலிருந்து பாதி எழும்பிவிட்டது.

ஆனால் அந்தக் கை அங்கேயே இருந்தது. ஒல்லியாக, நரம்பு தெரிய. பதினோரு வருடம் நான் அப்படி நின்றபோது இவன் ஒரு தடவையாவது நின்றிருக்கிறானா என்று நினைத்தேன். நினைத்த அந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது நான் நிற்காவிட்டால் எனக்கும் இவனுக்கும் வித்தியாசமில்லை. பிரேக்கை அழுத்தி எஞ்சினை அணைத்தேன். இறங்கி, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

"யோவ், ஏறமாட்டேன்னா வாயைத் தொறந்து சொல்லேன்யா. அதுக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

அவன் கையை இறக்கி, ட்ரக்கின் முதுகைக் காட்டினான். குனிந்து பார்த்தேன். வீட்டின் மூக்குத் தட்டுக்கும் ட்ரக்கின் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஓர் அங்குலம் இருக்கும். அந்தப் பிளவு வழியாக அடுத்த பக்கத்து வேலியும், வேலிக்கு அப்பால் ஒரு குதிரையும் தெரிந்தன.

வீடு தேவையைவிட உயரமாக நின்றிருந்தபோது நான் பின்னுக்கு விட்டிருக்கிறேன். தாடைகள் மூடியிருக்கின்றன, கைப்பிடி உள்ளே போயிருக்கிறது, எல்லாம் சரியாக மாட்டியது போலவே இருக்கிறது. ஆனால் அவை முளையின் கழுத்தைக் கவ்வவில்லை. முளையின் அடிப்பகுதி அவற்றின் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. முன்கால்களைத் தூக்குவதற்கு முன்னால் ட்ரக்கை ஒரு முறை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். இழுத்திருந்தால், முளை நழுவினாலும் வீடு தன் கால்களிலேயே நின்றிருக்கும். அந்த ஒரு படியைத்தான் நான் வெர்ஜில் டப்பருக்குப் பதில் சொன்ன வேகத்தில் விட்டுவிட்டேன். இப்போது முன்கால்களும் தரையில் இல்லை. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருந்தால், ஏழு டன் வீடு ட்ரக்கின் முதுகில் மூக்குக் குப்புற விழுந்திருக்கும். அங்கே விழாமல் மலையேற்றத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"நான் வாயத் தொறக்கலாமான்னு யோசிச்சேன்," என்றான் ஓரின். "மாட்டும்போது பேசக் கூடாதே. அதான் கையத் தூக்கினேன்."

"நான் நிக்காம போயிருந்தா?"

"நீ நிப்பே. நான்தான் நிக்கமாட்டேன்."

அதை அவன் சிரிக்காமல் சொன்னான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெர்ஜில் டப்பர் முகத்தில் ஈயாடவில்லை. தன் கோப்பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

முதலிலிருந்து செய்தோம். சக்கரத்துக்குக் கட்டையைத் திரும்ப முட்டுக்கொடுத்து, முன்கால்களை இறக்கி வீட்டைத் தூக்கினோம். தாடையைத் திறந்து ட்ரக்கை முன்னால் எடுத்தேன். ஓரின் முழங்காலிட்டு, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய், இன்னும் இறக்கு, இன்னும் கொஞ்சம் இறக்கு என்று விரலால் காட்டினான். இரண்டாவது தடவை வந்த சத்தம் வேறு சத்தம். முதலில் கேட்டது கடக். இது ஒரு கனத்த கதவு சாத்திக்கொள்வது மாதிரி நெஞ்சுக்குள் கேட்டது. நடுவில் வெளிச்சமே இல்லை. மெல்ல இழுத்துப் பார்த்தேன். வீடு அசையவில்லை, ட்ரக்கும் அசையவில்லை. இத்தனை பெரிதைப் பிடித்து நிறுத்துவது மணிக்கட்டு அளவு இரும்பு என்று மறுபடியும் எனக்குப் புல்லரித்தது. ஓரின் கோப்பையில் மிச்சமிருந்த ஆறிய காப்பியைக் குடித்துவிட்டு, யாரும் அழைக்காமலே ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

பிக்ஹார்ன் ஏற்றத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? பைன் மரங்கள் கீழே போய்க்கொண்டே இருந்தன. ட்ரக் பெரிய மூச்சாக இழுத்தது. கணவாயின் உச்சியில், கிட்டத்தட்ட பத்தாயிரம் அடியில், ஜூன் மாதத்திலும் சாலையோரம் பனி சுவர் மாதிரி நின்றது. அதற்கு அப்பால் வானம் முடியவே இல்லை. எங்கள் சமையலறையும் படுக்கையும் ஓரினின் மருந்து மாத்திரைகளும் சோல்வெய்க் தைத்துத் தந்த போர்வையும் எங்களோடு அத்தனை உயரத்துக்கு ஏறி வந்துவிட்டன. நான் வண்டியை ஓரம் நிறுத்தினேன். இருவரும் இறங்கி, முட்டை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து நின்றோம். காற்று அங்கே பலமாகத்தான் அடித்தது. ஓரின் வண்டியின் பக்கத்தில் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

பிறகு இறக்கம். இதற்குத்தான் நான் இரவெல்லாம் பயந்தது. எஞ்சினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் பொத்தானை அமுக்கினேன். ட்ரக் அடித்தொண்டையில் உறுமிற்று. டென் ஸ்லீப் பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் எழும்பியது. மஞ்சளும் சாம்பலுமாகப் பாறைச் சுவர்கள், ஆகாயத்தைத் தொட்டுக்கொண்டு. வளைவுக்கு வளைவு சாலை கீழே மடிந்து மடிந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஏழு டன் வீடு வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், சொன்னபடி வந்தது. தள்ளவில்லை. ஆடவில்லை. கடவுளே, இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சாதுவாக இருக்க முடியுமா என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓரினைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடியிருக்கவில்லை. அவன் கை கதவைப் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையும் மடியில் திறந்து கிடந்தன. ஒருமுறை, ஒரே ஒருமுறை, வாயைத் திறந்தான்.

"பனி வண்டி இப்படித்தான் இருக்கும்," என்றான். "கனம் நம்மகூட இருக்கும்."

டென் ஸ்லீப் முகாமுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். எங்கள் இடம் இரண்டு காட்டன்வுட் மரங்களுக்கு நடுவில், பின்னுக்கு விட்டுத்தான் நிறுத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே நாற்காலியைத் திருப்பத் தொடங்கிவிட்டார்கள். நான் பெருமூச்சு விட்டு, கியரை மாற்றப் போனேன்.

"எறங்கு," என்றான் ஓரின்.

"என்ன?"

"எறங்கி பின்னால போய் நில்லு, கெழவி. அது உன் எடம்."

ஏன் என்று கேட்டால் அவன் மனசு மாறிவிடும் என்று பயம். இறங்கிப் பின்னால் ஓடினேன். ட்ரக்கின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் இருக்கையில் அவன் தலை தெரிந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு.

முதல் தடவை கோணலாக வந்தது. முன்னால் எடுத்தான். இரண்டாவது தடவை மரத்தை நோக்கி வந்தது. நான் இடது கையைக் காட்டினேன், இடது பக்கமே திருப்பினான். எனக்கு நம்ப முடியவில்லை. மூன்றாவது தடவை நேராக, மெதுவாக, அந்தப் பெரிய வெள்ளைச் சுவர் என்னை நோக்கி வந்தது. பின்னால் நிறைய இடம் இருந்தது. தண்ணீர்க் குழாய் எங்கோ தள்ளி இருந்தது. நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தேன்.

வண்டி நின்றது. கையைத் தூக்கிய கணமே நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கி, அவன் தலை வெளியே வந்தது.

"என்ன இருக்கு பின்னால?"

"ஒண்ணுமில்ல. பத்தடி இருக்கு."

"அப்புறம் ஏன் நிறுத்துன?"

"நிப்பியான்னு பாத்தேன்."

நாற்காலிக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஓரின் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு பிரேக்கில் காலை வைத்தபடி காத்திருந்தான். நான் கையை இறக்குகிற வரைக்கும் அவனும் அசையவில்லை, அந்த ஏழு டன்னும் அசையவில்லை.